கொக்கேந்தலில் ஆள் இல்லை

— வண்டிய அதுக்கு மேல உருட்டாதீக மேடம். ஆத்து மணலு, பொதைஞ்சிரும். எங்கன இருந்து வாரீக?

— உங்க ஊருக்குள்ள இருந்துதான் அண்ணே வர்றேன். ரெண்டு தெருவையும் சுத்திட்டேன். எல்லா வீடும் பூட்டு. வாசலுக்கு வாசல் கருவ முள்ள வெட்டிப் போட்டிருக்கு. ஒரு நாய் கூடக் குரைக்கல. பட்டப்பகல்ல பயந்துட்டேன்.

— நாயெல்லாம் அந்தா அந்தப் பனை நெழல்ல கெடக்கு. ஆடு, மாடு, கோழி, டீவி ரிமோட்டு எல்லாத்தையும் இங்கன கொண்டாந்துட்டோம்ல?

— ரிமோட்டா?

— என் வீட்டுக்காரியக் கேளுங்க. கரண்டு கம்பமே இல்லாத ஆத்துல ரிமோட்ட இடுப்புல சொருகிட்டு வந்திருக்கா.

— ஆமா, போன வருசம் வெச்சுட்டு வந்ததுல எலி கடிச்சுச்சு. இந்த மனுசன் புதுசு வாங்கித் தர கோடை முடிஞ்சு மழ வந்துருச்சு. நீங்க ஏன் தங்கச்சி வெயில்ல நிக்கிறீக? இப்படி நெழலுக்கு வாங்க. மாமா, அந்தச் சாக்க விரிச்சு விடுங்க. என் பேரு அமுதவள்ளி. சாக்கு விரிக்கிறவரு முத்துராமலிங்கம்.

— நான் ஜெயப்பிரியா அக்கா. சர்வேயர். தாலுகா ஆபீஸ்ல இருந்து வர்றேன். ஊரே ஆத்துக்குள்ள உக்காந்திருக்கீங்களே, என்ன விசேஷம்? கல்யாணமா?

— கல்யாணம்னா மேளம் இருக்காதா மேடம்? இது அய்யனாருக்கு விரதம். மாசியில ஒரு நாள் ஊரக் காலி பண்ணணும். விடியமுன்ன கெளம்பிட்டா, பொழுது அடையிறவரைக்கும் கொக்கேந்தல்ல ஒரு மனுச சீவன் இருக்கப்படாது. அய்யனாரு குதிரையில வந்து தெருத்தெருவாப் பாத்துட்டு ஆத்தத் தாண்டிப் போவாரு. அவரு போன பெறகுதான் நாங்க திரும்பணும். இந்த வருசம் காப்பு எனக்குக் கட்டியிருக்கு. இந்தா, மஞ்சக் கயிறு.

— அண்ணே, கரெக்டா இன்னைக்குத்தானா இது?

— ஏன், இன்னைக்கு என்ன? நாள் நல்ல நாளுதான்.

— இன்னைக்கு ஆறு மணிக்குள்ள உங்க ஊர்ல ஆள் இருக்கா இல்லையான்னு நான் பதிவு பண்ணணும். ஆறு மணிக்கு சிஸ்டம் மூடிரும்.

— இவ்வளவுதானா? இருக்கோம்னு எழுதிக்கங்க. வேணும்னா எல்லாரும் வரிசையா நின்னு கையெழுத்துப் போட்டுத் தர்றோம். ஏ அமுதா, மேடத்துக்கு ஒரு செம்புல தண்ணி குடு.

— குடுக்கேன், குடுக்கேன். முதல்ல அவுக சொல்றத முழுசாக் கேளுங்க. மொகமே சரியில்ல அந்தப் பிள்ளைக்கு.

— அக்கா சொல்றது சரிதான். அண்ணே, போன மழைக்கு ஆத்துக் கரை உடைஞ்சுச்சுல்ல? இப்ப கரைய அகலமாக் கட்டப் போறாங்க. கோடு போட்டாச்சு. அந்தக் கோடு உங்க ஊரு நடுவுல போகுது.

— நடுவுலன்னா?

— ரெண்டு தெருவுக்கும் நடுவுல. ஆள் குடியிருக்கிற ஊருன்னா கரைய வளைச்சுக் கட்டணும், அதுதான் விதி. குடியில்லாத எடம்னா நேராக் கட்டிருவாங்க. மிஷின் வந்து வீடெல்லாத்தையும் தள்ளிட்டுப் போயிரும். அதனாலதான் போயிப் பாத்துட்டு வான்னு என்ன அனுப்பியிருக்காங்க.

— என்ன மேடம் இது, வெவரமாப் பேசுங்க. எங்ககிட்ட ரேசன் கார்டு இருக்கு. ஓட்டு இருக்கு. ஆதார்ல என் மூஞ்சி கூட இருக்கு, திருடன் மாதிரி.

— அதுல எந்த ஊருன்னு போட்டிருக்கு?

— அது வந்து... அக்கரை ஊரு பேருதான் போட்டிருக்கு. தாய்க் கிராமம் அதுதானே. எங்களுக்குக் கடுதாசி வந்தாலும் அங்கனதான் வரும்.

— அதுதாண்ணே பிரச்சினை. நீங்க இருக்கீங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரியும். இங்க இருக்கீங்கன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. நோட்டீஸ் கூட ஒட்டினோமே, ஆட்சேபனை இருந்தா சொல்லச் சொல்லி.

— எங்கன ஒட்டுனீக?

— பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல.

— அக்கரையிலயா? நல்ல எடம் பாத்தீக தங்கச்சி. அந்தச் சுவத்துல ஒட்டுற எதையும் ஆடு விட்டு வெச்சதே இல்ல. சினிமாப் போஸ்டரு, கட்சிப் போஸ்டரு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அதுக வயித்துலதான். இந்தாங்க, தண்ணியக் குடிங்க. புளிச்சோறு இருக்கு, பருப்புத் தொவையல் இருக்கு. ஆறிப்போயிருக்கும். நேத்தே ஆக்குனது. இன்னைக்கு அடுப்பு மூட்டக் கூடாது.

— சாப்பாடு அப்புறமா அக்கா.

— சாப்பாட்டுக்கு என்ன அப்புறம்? கைய நீட்டுங்க.

— இரு பிள்ள. மேடம், நான் ஒண்ணு கேக்கேன். இந்தச் சில்லாவுல இத்தனை ஊரு கெடக்கு. எங்க ஊர்ல மட்டும் ஆள் இருக்கா இல்லையான்னு எந்தப் புண்ணியவானுக்குச் சந்தேகம் வந்துச்சு?

— ஒரு பழைய மேப்பால வந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல அளந்து போட்டது, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். இங்க எது ஆறு, எது ஊருன்னு பிரச்சினை வந்தா அதத்தான் எடுத்து வெச்சுப் பாப்பாங்க. நகல் கொண்டு வந்திருக்கேன். பிடிங்க அந்த ஓரத்த, காத்துல பறக்குது.

— எங்க ஊரு மேப்புல இருக்கா! ஏ அமுதா, இங்கன வா. வெள்ளக்காரன் நம்ம ஊர வரைஞ்சிருக்கானாம்.

— சோத்துக் கையோட எங்க வர? அங்கன இருந்தே சொல்லுங்க, காது கேக்குது.

— இந்த நீலக் கோடு என்ன மேடம்?

— அதுதான் ஆறு.

— எங்க ஆறா? எங்க ஆறு நீலமா ஓடி யாரு பாத்தா? ஓடுனா செவப்பா ஓடும், இல்லாட்டி வெறும் மணலாக் கெடக்கும். துரை நல்ல மனசுக்காரன்.

— தண்ணின்னா நீலம், அதுதாண்ணே கணக்கு. பாருங்க, இந்தப் புள்ளி புள்ளியா இருக்கிறது மணல். இது கண்மாய்க் கரை. குச்சி மேல கொண்டை மாதிரி இருக்குல்ல, அது பனை. இங்க ஆறு வளையுது. வளைவுக்கு உள்பக்கம் ரெண்டு வரிசையாக் கட்டம் கட்டமா இருக்கே...

— ரெண்டு தெரு! அப்படியே இருக்கே மேடம். இந்தா, இது அய்யனாரு கோயிலு. இது ஊரணி. இங்கன எங்க வீடு வரணும். அமுதா, நம்ம வீடு கூட இருக்கு பிள்ள!

— கதவு தொறந்திருக்கா பாருங்க. நான் பூட்டுனேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு.

— பாத்தீகளா மேடம் இவ வாய? சரி, இதுலயே ஊரு இருக்குல்ல? அப்புறம் என்ன? நாங்க நேத்து வந்து குந்துன ஆளுக இல்ல, பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இருக்கோம்னு இதுவே சொல்லுது.

— பேருக்குக் கீழ சின்ன எழுத்துல ஒண்ணு இருக்குண்ணே.

— இங்கிலீசுல இருக்கு. என்ன போட்டிருக்கான்?

— ஆள் இல்லாத ஊர்னு போட்டிருக்கு. கட்டத்தையும் பாருங்க. மத்த ஊர்ல எல்லாம் வீட்டுக்குள்ள செவப்பு நிறைச்சிருக்கு. உங்க ஊர்ல மட்டும் வெறும் கட்டம். குடி இல்லன்னா அப்படித்தான் போடுவாங்க.

— எது, எது? மறுபடி சொல்லுங்க.

— கொக்கேந்தல். ஆள் இல்லாத ஊர். அதனால இப்ப ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, அப்பவே விட்டுட்டுப் போன ஊரு இது. இப்ப வீடு இருந்தா அது யாரோ பின்னால வந்து ஆத்து எடத்துல கட்டினதா இருக்கும். இல்லன்னா சும்மா கெடக்கிற பாழ் வீடா இருக்கும்.

— பின்னால வந்தோமா? எங்க பூட்டன் இந்த ஊரணிய வெட்டுனவன் மேடம்! அந்தத் துரைக்குக் கண்ணு தெரியாதா? ஊரு நெறைய ஆளுகள வெச்சுக்கிட்டு ஆள் இல்லன்னு எவன் எழுதுவான்?

— கொஞ்ச நேரத்துக்கு முன்னால நானே அப்படி எழுதப் பாத்தேனே அண்ணே.

— மாமா, நில்லுங்க. ஒரு நிமிசம் கத்தாம நில்லுங்க. தங்கச்சி, அந்தத் துரை எந்த மாசம் வந்திருப்பான்?

— மாசம் போடலக்கா. ஆனா அளக்கிறதுக்கு மழை விட்டதும்தான் கெளம்புவாங்க. தை, மாசி, பங்குனி. ஆத்துல தண்ணி இருக்காது, வயல்ல பயிரு இருக்காது. நடக்க வசதி.

— மாசி! போச்சுடா. விரதத்தன்னைக்கு வந்திருக்கான் பாவிப் பய. மத்த நாள் எல்லாம் விட்டுட்டு, வருசத்துல நாங்க இல்லாத ஒரு நாளாப் பாத்து வந்திருக்கான்!

— இந்தத் தங்கச்சி வந்த மாதிரியே.

— மேடம் தெரியாம வந்தாக. அவன் தெரியாம வந்தான். சரி போகட்டும். நடந்தது இதுதான்னு எழுதிருங்க மேடம். அய்யனாரு விரதம், அதனால ஆளில்ல, மத்தபடி ஊரு நெறைய சனம்னு.

— எழுத எடம் இல்லண்ணே. போன்ல ஒரு ஆப்தான். ஆள் உண்டா, இல்லையான்னு ஒரே கேள்வி. உண்டுன்னு போட்டா ஒரு படம் கேக்கும். அந்த வீட்டு ஆளு அந்த வீட்டு வாசல்ல நிக்கணும். நான் எடுக்கணும். எங்க நின்னு எடுத்தேன்னு அதுவே பதிஞ்சுக்கும். ஒரு படம் போதும், ஊருக்கே. அது போயிருச்சுன்னா அடுத்து பெரிய டீம் வந்து வீடு வீடாக் கணக்கெடுப்பாங்க. கரைய வளைச்சுத்தான் ஆகணும்.

— ஒரு படம்தானா? இந்தா நிக்கேன், எடுங்க. பின்னால பனை தெரியட்டும்.

— இங்க எடுத்தா ஆத்து நடுவுலன்னு காட்டும். ஆத்துக்குள்ள குடியிருக்கீங்கன்னு அதுக்குத் தனியா வேற கேஸ் போடுவாங்க.

— அப்ப ஊருக்குள்ள வரணுங்கிறீக.

— பத்து நிமிஷம். யாராவது ஒருத்தர். நீங்க, அக்கா, யாரானாலும் சரி. வந்து வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துருங்க.

— நான் போயிட்டு வாரேன் மாமா. ஒரு எட்டு.

— நீ எங்க போற? காப்புக் கட்டுனவன் பொண்டாட்டி நீ! விடியக்காலம் கிளம்பையில ஊரே என்கிட்டதான் சாமி சாட்சியாக் கேட்டுச்சு, உள்ள யாரும் இல்லையே, உள்ள யாரும் இல்லையேன்னு மூணு தடவ. இல்லன்னு நாந்தான் சொன்னேன். ஒருத்தர் போனாலும் அது என் தலையிலதான் விடியும். எங்க பெரியய்யா காலத்துல ஒருத்தன் கள்ளு மொந்தைய மறந்துட்டு வந்துட்டேன்னு திரும்பிப் போனான். அந்த வருசம்தான் ஆறு புகுந்துச்சு.

— அந்த வருசம் திருப்பாலைக்குடி வரைக்கும் வெள்ளம் போச்சு மாமா. அவுகளும் கள்ளு மொந்தைய மறந்துட்டாகளாக்கும்?

— ம், உனக்கு எல்லாம் எளக்காரம். மேடம், என் நெலமையப் பாருங்க. இந்தக் கயித்த அவுத்தா ஆறு ஊர எடுக்கும். அவுக்காட்டி கவர்மெண்டு எடுக்கும்.

— சரிண்ணே, பொழுது அடையிற வரைக்கும்னா, எப்ப? மாசியில ஆறரை ஆயிருமே. கொஞ்சம் முன்னால அய்யனார் போயிட்டார்னு வெச்சுக்க முடியாதா?

— அதெல்லாம் நம்ம வெச்சுக்கிறது இல்ல மேடம். அந்தப் பனையில ஒருத்தன் ஏறி இருக்கான் பாருங்க. விடிஞ்சதுல இருந்து மூணு பேரு மாத்தி மாத்தி ஏறியாச்சு. அவன் மேக்கால பாத்துக்கிட்டே இருப்பான். பொழுது எறங்குனதும், குதிர ஆத்தத் தாண்டிருச்சுன்னு அவன் குரல் குடுக்கணும்.

— நிஜமாவே குதிரை தெரியுமா அவருக்கு?

— தெரியாது. ஆனா குரல் குடுப்பான்.

— அய்யனார் எப்படி வருவார்னு ஏதாவது கதை இருக்கா?

— கதை என்ன, பாட்டே இருக்கு. பூசாரி சாமியாடும்போது சொல்லுவாரு. வெள்ளக் குதிர, வெங்கல ஒத்தக் கண்ணு, மூணு காலுக் கம்பு, பின்னால சங்கிலி இழுக்கிற பூதம் ரெண்டுன்னு. கேட்டா மயிரு சிலுக்கும்.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— வெள்ளக் குதிர...

— அது இல்ல. ஒத்தக் கண்ணு, மூணு காலு.

— வெங்கல ஒத்தக் கண்ணு, மூணு காலுக் கம்பு. கம்ப ஊனி, கண்ணச் சாச்சு, ஊர ஒரு பார்வ பாப்பாராம். ஏன் மேடம் சிரிக்கிறீக? சாமி விசயம், சிரிக்கக் கூடாது.

— அண்ணே, மன்னிச்சுக்கங்க. சத்தியமா முடியல. அந்த மூணு கால் கம்ப நான் தெனமும் தோள்ல தூக்கிட்டு அலையிறேன். சர்வே பண்ற கருவிய நிறுத்துற முக்காலி அது. மேல பித்தளைக் குழாய்ல ஒரு கண்ணாடி இருக்கும். ஒத்தக் கண்ணச் சாச்சுத்தான் பாக்கணும். பழைய கருவி ஒண்ணு எங்க ட்ரெயினிங்ல வெச்சிருந்தாங்க, கோயில் வெளக்கு மாதிரி மின்னும்.

— அப்ப பின்னால சங்கிலி?

— நெலத்த அளக்கிற சங்கிலி. ஆளுக்கு ஒரு முனையப் பிடிச்சுட்டுப் போவாங்க. உங்க பூதம் ரெண்டும் அந்த ஆளுங்கதான். குதிரையில வந்தது துரை.

— அய்யோ மாமா! அதான் தடத்தக் கூட்டச் சொன்னாகளா?

— எந்தத் தடம்? நீ வேற.

— நாங்க கூட்டிக்கிட்டு வாரோம்ல, காலங்காத்தால? தங்கச்சி, கேளுங்க. ஆம்பளைக எல்லாரும் மாட்டப் பத்திக்கிட்டு முன்னால போயிருவாக. நாங்க பொம்பளைகதான் கடைசி. வாசல்ல முள்ள இழுத்துப் போட்டு, தெருவுல காலடித் தடம் தெரியாம ஓலையால கூட்டிக்கிட்டே வரணும். கல்யாணமாகி வந்த முதல் வருசமே நான் கேட்டேன், குதிரையில வாற சாமிக்கு நம்ம கால் தடம் எதுக்குத் தெரியக் கூடாதுன்னு. வாய மூடிக்கிட்டுக் கூட்டுன்னாக.

— அடுப்பு மூட்டக் கூடாதுங்கிறதும் அதுக்குத்தான் அக்கா. புகை தெரிஞ்சா ஆள் இருக்கிறது தெரிஞ்சிரும்.

— கோழியக் கூடத் தூக்கிட்டு வரணும். கூவிருச்சுன்னா?

— ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்ன பேசுறீக? துரைக்குப் பயந்தா எங்க ஆளுக ஒளிஞ்சாக?

— பயந்துட்டு இல்லண்ணே, வரிக்காக. ஊர்ல சங்கிலி விழுந்தா அடுத்து தீர்வை விழும். நிறைய ஊர்ல சங்கிலிக்காரனப் பாத்தா ஓடியிருக்காங்க, எங்க பெரிய ஆபீசர் கதை கதையாச் சொல்லுவாரு. உங்க ஆளுங்க ஊரையே தூக்கிட்டு ஓடியிருக்காங்க. ஆள் இல்லாத ஊர்ல யார்கிட்டப் போயி வரி கேப்பான்?

— ஆத்தாடி! களவாணிப் பயலுகளா இருந்திருக்கானுகளே!

— பனையில ஆள ஏத்தி வெச்சு, துரை ஆத்தத் தாண்டிட்டானான்னு பாத்திருக்காக மாமா. தாண்டிட்டான்னு குரல் வந்ததும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாக. அடுத்த வருசமும் வந்தாலும் வருவான்னு அதே நாள்ல மறுபடி போயிருப்பாக.

— நல்லா ஏமாத்தியிருக்கானுக. துரையவே! நானும் பாத்துக்கங்க மேடம், சின்னப் பிள்ளையில இருந்து இந்த வெயில்ல ஆறுன சோத்தத் தின்னுக்கிட்டு, அய்யனாரே அய்யனாரேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு... யாருக்குப் போட்டிருக்கேன்? சர்வேயருக்கு!

— நான் வேணா குறுக்க நிக்கிறேன், இன்னொரு தடவ போட்டுக்கங்க.

— சிரிங்க, சிரிங்க. ஆனா வெவரம் என்னன்னா மேடம், அவனுக போட்ட வேசம் இப்ப எங்க கழுத்துக்கு வந்திருக்கு. அன்னைக்கு ஆளில்லன்னு எழுத வெச்சானுக. இன்னைக்கு அதையே காட்டி ஆளில்லங்கிறீக.

— அதனாலதாண்ணே சொல்றேன். இது சாமிக்காக வந்த விரதம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. வாங்க, வாசல்ல வந்து நில்லுங்க. மணி அஞ்சே கால் ஆச்சு. ஊருக்குள்ளதான் டவர் கிடைக்குது, படம் ஏற வேற நேரம் ஆகும்.

— அப்படி எல்லாம் வர முடியாது மேடம்.

— இன்னுமா?

— யாருக்குப் பயந்து ஆரம்பிச்சதோ, அது அவனுகளோட போச்சு. நாங்க கும்பிட்டது அய்யனார. நூறு வருசமா இத்தனை சனம் இந்த மணல்ல உக்காந்து கும்பிட்டிருக்கு. எங்க அய்யா சாகக் கெடக்கையில கூட, இந்த ஒரு நாள விட்டுராதன்னுதான் சொன்னாரு. இவ்வளவு கும்பிட்ட பெறகு அது சாமி இல்லாம வேற என்ன? துரை போயிட்டான். அய்யனாரு இருக்காருல்ல?

— வீடு இருக்கணுமேண்ணே.

— தெரியுது. தெரியாமயா பேசுறேன்? அந்த ரெண்டாவது தெரு கோடியில இருக்கிற மெத்தை வீடு என் மகன் வசந்தகுமாரு கட்டுனது. திருப்பூர்ல ராவும் பகலும் நூலோட கெடந்து கட்டுனான். இன்னும் பூச்சு கூடப் பூசல. மிஷின் வந்தா முதல் இடி அதுலதான். ஆனா இந்தக் கயிறு என் கையில இருக்கையில, உள்ள யாரும் இல்லன்னு நான் மூணு தடவ சொன்ன பெறகு, நானே ஒரு ஆள உள்ள அனுப்புனா நான் யாரு?

— மாமா...

— நீ பேசாத பிள்ள.

— சரிண்ணே. உங்களக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஊருக்குள்ள போயி இன்னொரு தடவ எல்லா வாசலையும் பாத்துட்டு, யாரும் இல்லன்னா இல்லன்னுதான் போட முடியும். பொய் போட்டா படம் கேக்கும். அந்த மேப்ப மடிச்சுக் குடுங்க அக்கா. சாப்பாடு நல்லா இருந்துச்சு.

— மடிக்கேன். மாமா, நான் இப்ப ஒண்ணு சொல்லுவேன். ஊர்ப் பொம்பளைக நாளைக்கு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாக. பரவாயில்ல. நீங்க மட்டும் கோவப்படக் கூடாது.

— என்ன சொல்லப் போற?

— உங்ககிட்ட இல்ல, தங்கச்சிகிட்ட. இங்க பாருங்க தங்கச்சி. ஊருக்குள்ள நொழைஞ்சதும் கெழக்க இருந்து மூணாவது வீடு, பச்சக் கதவு. பூட்டு தொங்கும், ஆனா பூட்டியிருக்காது. இழுத்தா கையோட வந்துரும். முள்ள ஓரமா ஒதுக்கிட்டுப் போங்க. உள்ள பூங்கோதை இருக்கா.

— பூங்கோதையா? அந்தப் பிள்ளைக்குப் போன வாரம்தான பிரசவம் ஆச்சு? உப்பூர்ல அவ அம்மா வீட்ல இருக்குன்னுல்ல சொன்னீக?

— சொன்னோம்.

— சொன்னோம்னா?

— பச்ச ஒடம்புக்காரிய, கண்ணு தொறக்காத பிள்ளையோட, இந்தக் கொதிக்கிற மணல்ல யாரு மாமா உக்கார வெப்பா? ஆம்பளைக முன்னால போயிருவீக. கடைசியாத் தெருவக் கூட்டிக்கிட்டு வாறது நாங்கதான? யாரு உள்ள இருக்கா, யாரு வெளிய இருக்கான்னு எங்களுக்குத்தான் தெரியும்.

— எத்தன வருசமா நடக்குது இது?

— எனக்கு என் மாமியா சொல்லிக் குடுத்தாக. உங்க ஆத்தாதான். அவுகளுக்கு அவுக மாமியா. பிள்ளப் பெத்தவ, படுத்த படுக்கையாக் கெடக்கிறவ, யாராச்சும் ஒருத்தர் எல்லா வருசமும் உள்ள இருப்பாக. குடிக்கத் தண்ணி, ஆறுன கஞ்சி வெச்சுட்டு, வெளிய பூட்டத் தொங்க விட்டுட்டு வருவோம். ஒரு வருசம் கூட இந்த ஊரு காலியா இருந்தது இல்ல மாமா.

— இரு, இரு. நம்ம வசந்தகுமாரு பொறந்தது மாசியில. அந்த வருசம் நீ உப்பூர்ல உங்க பெரியம்மா வீட்ல இருந்தேன்னு...

— தொப்புள்கொடி கூட விழாத பிள்ளையத் தூக்கிட்டு நான் எந்த உப்பூருக்குப் போவேன்? நம்ம வீட்லதான் இருந்தேன். அவன் அழுதுருவானோன்னு பொழுதடையிற வரைக்கும் மார விட்டு எடுக்கல.

— பகல் பூராவுமா?

— பகல் பூராவும். ஆறு வந்துச்சா? அய்யனாரு கண்ணக் குத்துனாரா? பிள்ளப் பெத்தவ வீட்டு வாசல்ல வந்து பாத்துட்டு, சத்தம் காட்டாமத்தான் போயிருப்பாரு.

— அண்ணே, அப்ப அந்தத் துரை குதிரையில வந்த அன்னைக்கும்...

— அன்னைக்கும் எவளோ ஒருத்தி பூட்டுக்குப் பின்னால பிள்ளைய அமத்திக்கிட்டு உக்காந்திருப்பா தங்கச்சி. வெளிய கட்டம் போட்டவன் உள்ள எட்டிப் பாக்கல, அவ்வளவுதான்.

— அக்கா, பூங்கோதை பிள்ளையோட வந்து வாசல்ல நிப்பாங்களா?

— நான் சொன்னேன்னு சொல்லுங்க, நிப்பா. பிள்ளையும் கணக்குல வருமா?

— அதுவும் ஆளுதானே அக்கா. ரெண்டு பேருன்னே போடுறேன். நான் கெளம்பட்டுமா? அண்ணே, போகலாம்ல?

— போங்க மேடம். கதவ மட்டும் படார்னு தட்டிறாதீக, பச்சப் பிள்ள தூங்கும்.